ரீப்பர் 7: ட்ராக்குக்கு ட்ராக் மிடி அனுப்புவதில் எவ்வளவு தேறுகிறது?

ஒரே கீபோர்டு வாசிப்பை மூன்று சிந்துக்குப் (சிந்தசைசருக்கு) பிரித்துக் கொடுக்க வேண்டும். பதினாறு மிடி ட்ராக்கை (மிடி என்பது ஒலி அல்ல, எந்த நோட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்ற கட்டளை) ஒரே கான்டாக்ட்டுக்குள் (சாம்பிள் வாத்தியங்களை ஏற்றும் பிளகின்) சேர்க்க வேண்டும். பிடித்த கார்டைத் தனித்தனி நோட்டாகப் பிரிக்கும் ஆர்பெஜியேட்டர் துப்பும் நோட்டை வேறொரு ட்ராக்கில் பதிவு செய்ய வேண்டும். கிக் டிரம்மின் ஒலியிலிருந்து நோட் எடுத்து சாம்ப்ளரை அடிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ப்ரோக்ராமிங் செய்பவருக்கு இந்த நான்கும் அடிக்கடி வரும் வேலைகள். இசைப்பதிவு மென்பொருளான ரீப்பர் 7 இவற்றை எப்படிச் செய்கிறது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. மிக்சர் அழகாக இருக்கிறதா, தீம் மாற்றலாமா என்பதற்கெல்லாம் யூட்யூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது.

வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் இதை வெளியிடுகிறது. ஏழாம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், வணிக லைசென்ஸ் 225 டாலர். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அந்த நாட்களில் எந்த வசதியும் பூட்டப்பட்டிருக்காது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மிடியை ட்ராக்குகளுக்கிடையே ஓடவிடுவதில் இந்த விலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று ரீப்பர் தானாகச் சொல்லாது. பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: ரீப்பரில் ட்ராக்குக்கு வகை கிடையாது. இதே வகை மென்பொருளான ஏபிள்டனில் ஆடியோ ட்ராக் வேறு, மிடி ட்ராக் வேறு. க்யூபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் ட்ராக் என்று மூன்றாவதும் உண்டு. ரீப்பரில் எல்லா ட்ராக்கும் ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் ஆடியோவும் மிடியும் சேர்ந்தே ஓடும், ஒவ்வொரு சென்ட்டிலும் (ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பு) இரண்டும் சேர்ந்தே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்கள் பாதி அவிழ்ந்துவிடும்.

ஒரு வாசிப்பு, மூன்று சிந்த்

அடிப்படை வேலை சுலபம். முதல் ட்ராக்கில் மிடி ஐட்டம் அல்லது கீபோர்டு இன்புட். இரண்டு, மூன்று, நான்கில் சிந்த் பிளகின்கள். முதல் ட்ராக்கின் ரூட் பொத்தானைப் பிடித்து இழுத்து இரண்டாவது ட்ராக்கின் மேல் விட்டால் ஒரு சென்ட் உருவாகும். மற்ற இரண்டுக்கும் அப்படியே. அவ்வளவுதான், மூன்றும் பாடும். சிந்த் ட்ராக்குகளை ரெக்கார்ட் ஆர்ம் (பதிவுக்குத் தயார் நிலை) செய்ய வேண்டியதில்லை, மானிட்டர் பொத்தானைத் தொட வேண்டியதில்லை. ஏபிள்டனில் இதே வேலைக்கு வாங்கும் ட்ராக்கின் மானிட்டரை இன் நிலையில் வைக்க வேண்டும் அல்லது ஆர்ம் செய்ய வேண்டும். அதை மறந்துவிட்டு ஒலி வரவில்லையே என்று தேடுபவர்கள் அங்கே ஏராளம். ரீப்பரில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே வரும் தொல்லை வேறு. புதிதாகப் பிறக்கும் சென்ட் ஆடியோ 1/2, மிடி ஆல் என்று இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் பிறக்கும். மூல ட்ராக் வெறும் மிடி என்றால் பாதகமில்லை, போவதற்கு ஆடியோவே கிடையாது. ஆனால் மூல ட்ராக்கிலேயே ஒரு பியானோ பிளகின் இருக்கிறது, அதன் நோட்டை ஸ்ட்ரிங்ஸுக்கும் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். பியானோவின் ஆடியோ ஒருமுறை நேராக மாஸ்டருக்குப் போகும். இன்னொரு முறை ஸ்ட்ரிங்ஸ் ட்ராக் வழியாக, அங்கே இருக்கும் ரிவெர்பையும் ஈக்யூவையும் சுமந்துகொண்டு போகும். அந்த ட்ராக்கில் எஃபெக்ட் எதுவும் இல்லையென்றால் ஒரே சிக்னல் இரண்டு மடங்காகி 6 டெசிபல் ஏறும். பியானோ திடீரென்று தூக்கலாகக் கேட்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சென்ட் பெட்டியில் ஆடியோ என்ற கீழிறங்கு பட்டியலை நன் (None, எதுவுமில்லை) என்று மாற்றினால் தீர்ந்தது.

இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ரிவெர்ப் பஸ்ஸுக்கு (பல ட்ராக்கின் ஒலி சேரும் பொது ட்ராக்) போடும் சாதாரண ஆடியோ சென்ட்டிலும் மிடி கூடவே போகிறது. பெரும்பாலான ரிவெர்ப் பிளகின்கள் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் மிடி ப்ரோக்ராம் சேஞ்சுக்குப் ப்ரீசெட் மாறும் பிளகின், மாடுலேஷன் வீலுக்கு ஏதாவது நாப் பிணைத்த டிலே போன்றவை இருந்தால், கீபோர்டில் வீலைத் தள்ளும்போதெல்லாம் எங்கோ ஒரு எஃபெக்ட் தானாக அசையும். ஆடியோ சென்ட்டில் மிடியை நன் ஆக்குவது, மிடி சென்ட்டில் ஆடியோவை நன் ஆக்குவது, இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ப்ரிஃபரன்ஸில் ட்ராக்/சென்ட் டிஃபால்ட்ஸ் பக்கத்தில் புதிய சென்ட் எந்த நிலையில் பிறக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். நிறுவியதும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: மூல ட்ராக்கும் சிந்த் ட்ராக்கும் ஒரே நேரத்தில் ஆர்ம் ஆகி, இரண்டின் இன்புட்டும் எல்லா மிடி இன்புட் என்று இருந்தால், ஒவ்வொரு நோட்டும் சிந்துக்கு இரண்டு முறை போகும். ஒலி தடித்து, ஃபேஸர் எஃபெக்ட் போட்டது போல் வெற்றுக்கூடாகக் கேட்கும். பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட் எண்ணிக்கை) சீக்கிரம் தீரும். விரல் எடுத்தபின் சில நோட் பாதியில் வெட்டுப்படும். பிளகின் கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவுவதற்கு முன் சிவப்பு விளக்கு எத்தனை ட்ராக்கில் எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ப்ரீ எஃப்எக்ஸ், போஸ்ட் எஃப்எக்ஸ்

ரீப்பரின் மிடி ரூட்டிங்கில் மிகவும் ரசிக்கத்தக்க இடம் இது. சென்ட்டின் வகையைப் ப்ரீ எஃப்எக்ஸ் என்று வைத்தால் ட்ராக்கின் பிளகின் வரிசைக்கு முன்பே மிடி கிளம்பிவிடும். போஸ்ட் ஃபேடர் என்று வைத்தால் வரிசை முழுவதையும் தாண்டிய பிறகு கிளம்பும். மூல ட்ராக்கில் ஒரு ஆர்பெஜியேட்டர் மட்டும் போட்டுவிட்டு இரண்டு சென்ட் எடுங்கள். ப்ரீ எஃப்எக்ஸ் சென்ட் பேடுக்கு. அங்கே நீங்கள் பிடித்த கார்ட் அப்படியே நீளமாக ஒலிக்கும். போஸ்ட் சென்ட் ப்ளக் ஒலிக்கு. அங்கே அதே கார்ட் பதினாறாம் நோட்டாகச் சிதறும். ஒரு ஐட்டத்தைத் திருத்தினால் இரண்டும் சேர்ந்து மாறும். வேறு மென்பொருளில் இதற்கு மிடியை நகலெடுத்து இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டி வரலாம்.

ஆர்பெஜியேட்டர் எழுதிய நோட்டைக் கையில் பிடித்துத் திருத்த வேண்டும் என்றால், வாங்கும் ட்ராக்கின் ரெக்கார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து, ரெக்கார்ட் அவுட்புட் என்ற பிரிவில் மிடி என்பதைத் தேர்ந்து, ஆர்ம் செய்து ஓடவிடுங்கள். நோட்டுகள் ஐட்டமாக விழும். பிறகு மறக்காமல் மூல சென்ட்டை ம்யூட் செய்ய வேண்டும். இல்லையென்றால் பதிவான நோட்டும் நேரடி நோட்டும் ஒன்றின்மேல் ஒன்று அடிக்கும்.

ஃபோல்டர் என்னும் குறுக்குவழி

சென்ட்டே போடாமல் மிடியை அனுப்ப ஒரு வழி இருக்கிறது. ஃபோல்டரின் தாய் ட்ராக்கில் சிந்தைப் போட்டு, குழந்தை ட்ராக்குகளில் மிடி ஐட்டங்களை வைத்தால், மாஸ்டர்/பேரன்ட் சென்ட் வழியாக மிடி தானாக மேலே ஏறி சிந்தை வாசிக்கும். டிரம் ப்ரோக்ராமிங்குக்கு இது அருமை. கிக் ஒரு ட்ராக், ஸ்நேர் ஒரு ட்ராக், ஹைஹேட் ஒரு ட்ராக் என்று பிரித்து வைத்துக்கொண்டு, எல்லாம் மேலே இருக்கும் ஒரே டிரம் சாம்ப்ளரை அடிக்கும். வேகம், ஸ்விங், வெலாசிட்டி எல்லாவற்றையும் வாத்தியம் வாத்தியமாகத் திருத்தலாம்.

இதே குணம்தான் கடிக்கவும் செய்யும். குழந்தை ட்ராக்கிலும் சொந்தமாக ஒரு சிந்த், தாய் ட்ராக்கிலும் ஒரு சிந்த் இருந்தால், குழந்தையின் நோட்டுகள் அதன் சிந்தைத் தாண்டி மேலேயும் போய் தாயின் சிந்தையும் அடிக்கும். பேஸ் வாசித்தால் கூடவே எங்கிருந்தோ பிரஸ் கேட்கிறது என்பது இந்த வகை. காரணம், ரீப்பரில் இன்ஸ்ட்ருமென்ட் பிளகின் மிடியின் பயணத்துக்கு முடிவிடம் அல்ல, வழியில் ஒரு நிறுத்தம். பிளகின் ஜன்னலின் மேல் வலது பக்கம் இன், அவுட் எண்ணிக்கை காட்டும் சிறிய பொத்தான் இருக்கும். அதில் ரைட் கிளிக் செய்தால் மிடி அவுட்புட்டை அடைக்கும் வசதி கிடைக்கும். குழந்தையின் சிந்தில் அதைச் செய்தால் நோட் அங்கேயே நின்றுவிடும். இவ்வளவு முக்கியமான ஒரு ஸ்விட்சை இன், அவுட் பொத்தானின் ரைட் கிளிக்கில் ஒளித்து வைத்தது ஏன் என்பதற்குக் காக்கோஸ்தான் பதில் சொல்ல வேண்டும். கையேட்டைப் படிக்காதவர் அதைத் தற்செயலாகக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை.

பதினாறு சேனல், ஒரு கான்டாக்ட்

1983இல் வந்த மிடி 1.0 வகுத்த 16 சேனல் கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு கான்டாக்ட்டில் பதினாறு வாத்தியம் ஏற்றி, ஒவ்வொன்றையும் தனி ட்ராக்கிலிருந்து வாசிப்பதற்கு ரீப்பர் ஒரே ஒரு கட்டளை வைத்திருக்கிறது. கான்டாக்ட் இருக்கும் ட்ராக்கின் எஃப்எக்ஸ் ஜன்னலில் ஆப்ஷன்ஸ் மெனுவுக்குப் போய், இந்த ட்ராக்குக்கு 16 சேனல் மிடி ரூட்டிங் கட்டு என்ற வரியைத் தேர்ந்தால், பதினாறு புதிய ட்ராக் பிறந்து, ஒவ்வொன்றும் தன் சேனலுக்கான சென்ட்டோடு தயாராக நிற்கும். கையால் செய்தால் பதினாறு முறை இழுத்து, பதினாறு முறை பட்டியல் மாற்ற வேண்டிய வேலை.

மீதி வேலை கான்டாக்ட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்தின் தலைப்பட்டையிலும் மிடி சேனல் சரியாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று ஆம்னி (எல்லா சேனலும்) என்று இருந்தால் அது பதினாறு ட்ராக்கின் நோட்டையும் வாசித்துத் தள்ளும். குழல் ட்ராக்கைத் தொட்டால் செல்லோவும் சேர்ந்து ஒலிப்பது இதனால்தான். ரீப்பரில் குறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆடியோவைத் தனித்தனியாக வெளியே எடுக்க, கான்டாக்ட்டில் அவுட்புட்களைப் பிரித்துவிட்டு, அதே ஆப்ஷன்ஸ் மெனுவில் பிளகினின் அவுட்புட்டுக்குப் பலசேனல் ரூட்டிங் கட்டும் கட்டளையைக் கொடுக்கலாம். பதினாறு ஸ்டீரியோ என்றால் கான்டாக்ட் ட்ராக்குக்கு 32 ஆடியோ சேனல் வேண்டும். அதையும் ரீப்பரே விரித்துக்கொள்ளும்.

இப்போது ஓர் ஆசை எழும். மிடி கிளம்பும் அதே ட்ராக்கிலேயே ஆடியோவும் திரும்பி வந்தால் நன்றாக இருக்குமே, குழலின் நோட்டும் ஃபேடரும் ஒரே இடத்தில் இருக்குமே என்று. நியாயமான ஆசைதான், ஆனால் ரீப்பர் மறுக்கும். குழல் ட்ராக் கான்டாக்ட்டுக்கு அனுப்புகிறது, கான்டாக்ட் குழல் ட்ராக்குக்கு அனுப்புகிறது. போவது மிடி, வருவது ஆடியோ என்றாலும் ரீப்பரின் கண்ணுக்கு அது ஒரு வளையம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் ரூட்டிங்கில் ஃபீட்பேக்கை அனுமதி என்பதை டிக் செய்தால் திறக்கும். திறக்காமல் இருப்பதே நல்லது என்பது நம் கட்சி. வளையத்துக்குள் இருக்கும் ட்ராக்குகளில் பிளகின் தாமதத்தை ஈடுகட்டும் கணக்கை நம்ப முடியாது. இந்தச் சென்ட்டில் ஆடியோவை நன் ஆக்க மறந்திருந்தால் அது உண்மையான ஃபீட்பேக்காகவே மாறி ஸ்பீக்கரையும் காதையும் பதம் பார்க்கும். மிடி ட்ராக்குகள் ஒரு ஃபோல்டர், ஆடியோ ட்ராக்குகள் இன்னொரு ஃபோல்டர் என்று பிரித்து வைப்பதே வழி. மிக்சரில் மிடி ஃபோல்டரை மறைத்துவிடலாம்.

மிடி ட்ராக்கின் ஃபேடரை இறக்கினால் வாத்தியத்தின் ஒலி குறையவில்லை என்ற கேள்வியும் இங்கேதான் வரும். அந்த ஃபேடர் ஆடியோவுக்கானது, மிடியைத் தொடாது. ட்ராக்கின் ரைட் கிளிக் மெனுவில் வால்யூமையும் பேனையும் மிடியோடு பிணைக்கும் வசதி இருக்கிறது. பிணைத்தபின் ஃபேடர் சிசி 7ஐயும் பேன் சிசி 10ஐயும் அனுப்பும் (சிசி என்பது மிடியின் கட்டுப்பாட்டுச் செய்தி). சிசி 7ஐ மதிக்காத பிளகினில் அப்போதும் எதுவும் நடக்காது.

கமகமும் பிட்ச் பெண்டும்

நம் பாட்டுக்கு வேலை செய்பவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சிக்கும் இடம் பிட்ச் பெண்ட். மேற்கத்திய பாப்பில் அது எப்போதாவது ஓர் அலங்காரம். கமகம் எழுதுபவருக்கு வரிக்கு வரி வேண்டும். மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு நோட்டுக்கு உரியதல்ல, சேனல் முழுவதற்கும் உரியது. இடது கையில் கார்ட், வலது கையில் மெலடி என்று ஒரே சேனலில் வாசித்தால், மெலடியின் ஒவ்வொரு அசைவுக்கும் கார்டும் சேர்ந்து ஆடும்.

ரீப்பரில் தீர்வு இப்படி. மிடி எடிட்டரில் கார்ட் நோட்டுகளை சேனல் 1இலும், மெலடியையும் அதன் பெண்டையும் சேனல் 2இலும் வைக்கவும். மூல ட்ராக்கிலிருந்து பேடுக்கு ஒரு சென்ட்: மிடி மூலம் 1, சேருமிடம் 1. லீடுக்கு இன்னொன்று: மூலம் 2, சேருமிடம் 1. ஒரே ஐட்டத்தில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், பெண்ட் மட்டும் லீடுக்குப் போகும். மிடி எடிட்டரில் நிறத்தைச் சேனல்படி காட்டச் சொன்னால் எந்த நோட் எங்கே போகிறது என்று பார்த்தவுடன் தெரியும். ஏபிள்டன் கிளிப்புக்குள் நோட்டின் சேனல் எண் தங்காது என்பதால் இந்த வித்தை அங்கே நடக்காது. இரண்டு ட்ராக்காகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த பிரச்சினை லேயர். ஒரு மெலடியை நாதஸ்வர சாம்பிளுக்கும் ஒரு சிந்த் லீடுக்கும் சேர்த்து அனுப்புகிறீர்கள். சாம்பிளின் பெண்ட் எல்லை ±2 செமிடோன், சிந்தின் எல்லை ±12 என்றால், ஒரே பெண்ட் செய்தி ஒன்றில் ரி வரை ஏறும்போது மற்றொன்றில் மேல் ஸ்தாயிக்கே போய்விடும். சென்ட்டில் இதைச் சரிசெய்ய வழியில்லை, இரண்டு பிளகினிலும் எல்லையை ஒன்றாக்க வேண்டும். ஆர்பிஎன் (அமைப்பை மாற்றும் மிடி கட்டளை) வழியாகவும் சொல்லலாம்: சிசி 101க்கு 0, சிசி 100க்கு 0, பிறகு சிசி 6க்கு வேண்டிய செமிடோன் எண்ணிக்கை. ஆனால் எல்லாப் பிளகினும் அதைக் காதில் வாங்காது. பிளகின் திரையிலேயே மாற்றுவது நிச்சயமான வழி.

எல்லையை எவ்வளவு வைப்பது? மிடியின் பெண்ட் 16,384 படிகள் கொண்டது. அந்தக் கணக்கில் ±12 வைத்தாலும் வழவழப்பாகத்தான் ஒலிக்கும். ஆனால் கீபோர்டின் வீல் 128 படி மட்டும் அனுப்பும் வகை என்றால், ±12இல் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட செமிடோனில் ஐந்தில் ஒரு பங்கு தாவும். கமகம் படிக்கட்டில் இறங்குவது போல் கேட்கும். அப்படிப்பட்ட கீபோர்டில் வாசிக்க ±2 அல்லது ±3 போதும். பெரிய ஜாருகளை எடிட்டரில் கையால் வரையலாம்.

ஆடியோவிலிருந்து மிடி, மிடியிலிருந்து ஆடியோ

ட்ராக்குக்கு வகை இல்லாததன் பலன் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. ரீப்பரோடு வரும் ரியாகேட்டில் (ஒலி ஒரு அளவைத் தாண்டும்போது மட்டும் திறக்கும் கேட்), கேட் திறக்கும்போதும் மூடும்போதும் மிடி நோட் அனுப்பு என்ற டிக் இருக்கிறது. எந்த நோட், எந்தச் சேனல் என்றும் கொடுக்கலாம். கிக் ட்ராக்கில் ரியாகேட் போட்டு, அங்கிருந்து ஆடியோ நன், மிடி ஆல் என்று ஒரு சென்ட்டை ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000 என்ற சாம்ப்ளர் இருக்கும் ட்ராக்குக்கு எடுத்தால், பதிவான கிக்கின் கூடவே சாம்பிள் கிக் அடிக்கும். சென்ட் ப்ரீ எஃப்எக்ஸ் ஆக இருக்கக் கூடாது. கேட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டால் அதில் நோட்டே இருக்காது. கேட்டின் த்ரெஷோல்டு குறைவாக இருந்தால் ஸ்நேரின் கசிவுக்கும் நோட் பிறக்கும். ரிலீஸ் மிகக் குறைவாக இருந்தால் ஓர் அடிக்கு இரண்டு நோட் விழும். முதல் தொல்லைக்கு ரியாகேட்டிலேயே இருக்கும் லோபாஸ் ஃபில்டரை இறக்கிப் பாருங்கள். இரண்டாவதற்கு ஹோல்டை ஏற்றுங்கள். மூல கிக் ட்ராக்கின் ஒலியே ரியாகேட்டால் வெட்டுப்படக் கூடாது என்றால், கிக்கை இன்னொரு ட்ராக்குக்கு அனுப்பி அங்கே கேட் போட்டு, அந்த ட்ராக்கின் மாஸ்டர் சென்ட்டை எடுத்துவிடுங்கள்.

எதிர்த் திசையும் இதே அளவு எளிது. மிடிக்கு ஏற்ப ஹார்மனி பாட வைக்கும் ரியாவாய்ஸ் போன்ற பிளகினைக் குரல் ட்ராக்கில் போட்டு, கீபோர்டு ட்ராக்கிலிருந்து அந்தக் குரல் ட்ராக்குக்கே மிடி சென்ட் கொடுத்தால் போதும். சைட்செயின், துணை ட்ராக் எதுவும் வேண்டாம்.

வெளியே போகும் மிடி

நிஜ சிந்த் வைத்திருப்பவர்கள் ரூட் ஜன்னலில் மிடி ஹார்டுவேர் அவுட்புட் என்ற பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். முதலில் ப்ரிஃபரன்ஸின் மிடி பகுதியில் அந்தச் சாதனத்தை எனேபிள் செய்யாவிட்டால் பட்டியலில் பெயரே வராது. பழைய ஐந்து ஊசி கேபிள் நொடிக்கு 31,250 பிட் மட்டுமே கடத்தும். ஒரு நோட்டுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். ஆறு நோட் கார்ட் என்றால் கடைசி நோட் கிட்டத்தட்ட 5 மில்லிசெகண்ட் பின்தங்கும். ஒரே கேபிளில் நாலைந்து ட்ராக்கையும் மாடுலேஷன் வீலின் தொடர்ச்சியான சிசியையும் திணித்தால் தாளம் தள்ளாடும். ட்ராக் ட்ராக்காக சிசியைக் குறைக்கவும், இல்லையென்றால் யுஎஸ்பி வழியாக இணைக்கவும். ட்ராக்குக்கு ட்ராக் உள்ளேயே போகும் மிடிக்கு இந்தத் தாமதம் எதுவும் கிடையாது.

விண்டோஸில் லூப்மிடி, மேக்கில் ஐஏசி போன்ற மெய்நிகர் போர்ட் வழியாக வேறு மென்பொருளுக்கு அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அதே போர்ட் இன்புட்டாகவும் எனேபிள் ஆகி, ஆர்ம் ஆன ட்ராக் எல்லா மிடி இன்புட்டையும் கேட்கும்படி இருந்தால், அனுப்பியதே திரும்பி வந்து மறுபடி போகும். இன்புட்டில் உங்கள் கீபோர்டை மட்டும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

தவறு தேடுவது

இதில்தான் மதிப்பெண் குறைகிறது. ரீப்பரின் ட்ராக் மீட்டரில் மிடி வருகிறதா என்பது தெரியலாம், ஆனால் எந்தச் சென்ட் வழியாக, எந்தச் சேனலில், எந்த பஸ்ஸில் வந்தது என்று தெரியாது. ரீப்பரில் ஒரு பஸ் என்பது 16 சேனல், அப்படிப் பல பஸ் உண்டு. பட்டியலில் 2/5 என்றால் இரண்டாவது பஸ்ஸில் ஐந்தாவது சேனல். பிளகின் முதல் பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்க, சென்ட் இரண்டாவது பஸ்ஸுக்கு எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது, அமைதிதான் கிடைக்கும். பதினாறு சேனல் போதும் என்பவர்கள் பஸ் பக்கமே போக வேண்டாம்.

தேடுவதற்கு உள்ளே இருக்கும் நல்ல கருவி ரியாகன்ட்ரோல்மிடி. சந்தேகப்படும் ட்ராக்கில் பிளகினுக்கு முன்னால் ஒன்றைச் செருகி, லாக் பொத்தானை அழுத்தினால், வரும் ஒவ்வொரு மிடி செய்தியும் வரிவரியாக ஓடும். இங்கே நோட் வந்து பிளகின் ஒலிக்கவில்லை என்றால் குற்றம் பிளகினின் சேனலில். இங்கேயே வரவில்லை என்றால் சென்ட்டில். மூல ட்ராக்கின் முடிவிலும் ஒன்றைச் செருகிப் பார்த்தால், அங்கே இருக்கும் ஏதாவது பிளகின் மிடியை விழுங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். முப்பது ட்ராக் ப்ராஜெக்ட்டில் மொத்த வரைபடம் வேண்டுமென்றால் வியூ மெனுவில் ரூட்டிங் மேட்ரிக்ஸும் ட்ராக் வயரிங் டயக்ராமும் உண்டு. மேட்ரிக்ஸ் வேலைக்கு உதவும். டயக்ராம் பத்து ட்ராக்குக்கு மேல் போனால் கம்பிக் குவியல்.

நோட் தொங்கிக்கொண்டு ஒலி நிற்காவிட்டால், ஆக்‌ஷன் பட்டியலில் எல்லா மிடி அவுட்புட்டுக்கும் பிளகினுக்கும் ஆல் நோட்ஸ் ஆஃப் அனுப்பும் கட்டளை இருக்கிறது. ஒரு விசைக்குக் கட்டிவைத்துக்கொள்ளவும். பெரும்பாலும் நோட் ஒலிக்கும்போதே சென்ட்டை ம்யூட் செய்வது, சேனலை மாற்றுவது போன்றவற்றால் நோட் ஆஃப் செய்தி போய்ச் சேராமல் நடக்கிறது. சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி செய்தாலும் அப்படித்தான், சிசி 64இன் விடுவிப்பு வழியில் தொலைந்துவிடும்.

யாருக்கு

மேடையில் கிளிப் வைத்து வாசிப்பவருக்கு ஏபிள்டனே பொருத்தம், அங்கே ரூட்டிங் குறைவு என்றாலும் கண்முன்னே இருக்கிறது. பீட் செய்து எஃப்எல் ஸ்டுடியோவில் பழகியவர்கள் மிடி அவுட் சேனல், போர்ட் எண் என்ற அதன் முறையிலேயே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். மிடிக்காக மட்டும் மாறுவது வீண். பெரிய சாம்பிள் நூலகங்களை அடுக்கி ஆர்கெஸ்ட்ரேஷன் செய்பவர், ஆடியோவையும் மிடியையும் கலந்து சோதிப்பவர், பழைய கணினியில் ஓட்ட வேண்டியவர் ஆகியோருக்கு ரீப்பர்.

வாங்கும் முன் 60 நாள் அவகாசத்தில் இதைச் செய்து பாருங்கள்: உங்கள் வழக்கமான வாத்திய அடுக்கை மிடி ஃபோல்டர், ஆடியோ ஃபோல்டர், சரியான நன் நிலைகள் எல்லாவற்றோடும் ஒருமுறை கட்டி, சம்பந்தப்பட்ட ட்ராக்குகளை மொத்தமாகத் தேர்ந்து ட்ராக் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அவற்றுக்கிடையே உள்ள சென்ட்டுகளும் சேர்ந்தே சேமிக்கப்படும், அடுத்த ப்ராஜெக்ட்டில் இரண்டு கிளிக்கில் முழு அமைப்பும் வந்து இறங்கும். தனிநபர் விலை எல்லோருக்கும் பொருந்தாது. வணிகமாகப் பயன்படுத்தி ஆண்டு மொத்த வருமானம் 20,000 டாலரைத் தாண்டினால் 225 டாலர் லைசென்ஸ்தான் எடுக்க வேண்டும். இப்போது வாங்கும் ஏழாம் பதிப்பின் லைசென்ஸ் 8.99 வரை செல்லும்.